மலை ஏறி வந்த மஞ்சள் சால்வை

சில மாதங்களுக்கு முன்பு நுவரெலியாவில் ஒரு ஹோட்டலில் ஆசிரியைகளுக்காக ஒரு செயலமர்வு நடத்தினார்கள். பிள்ளை பெற்ற பிறகும் பெண்கள் வேலையில் முன்னேறுவது எப்படி என்பது தலைப்பு. கொழும்பிலிருந்து வந்திருந்த அம்மையார் நன்றாகத்தான் பேசினார். திரையில் படங்கள் ஓடின, நடுவில் கேக்கும் தேத்தண்ணீரும் வந்தன. பிறகு, உங்கள் தொழிலுக்குத் துணையாக நின்றவர் யார் என்று ஒவ்வொருவரும் எழுந்து ஒரே சொல்லில் சொல்ல வேண்டும் என்றார். கணவர், அம்மா, மாமியார், அக்கா என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டு வந்தார்கள். என் முறை வந்தபோது நான் "மலை" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். அம்மையாரும் சிரித்துவிட்டு, அழகான கவிதை என்று பாராட்டினார். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. நான் கவிதை சொல்லவில்லை, நடந்ததைச் சொன்னேன். ஒரே சொல்லில் கேட்டால் அப்படித்தான் வரும். அவகாசம் கொடுத்திருந்தால் இதை முழுதாகச் சொல்லியிருப்பேன்.

எங்கள் பள்ளிக்கூடம் பூண்டுலோயாவுக்கு மேலே ஒரு தேயிலை மலையின் உச்சியில் இருக்கிறது. அதே மலையின் அடிவாரத்தில் பிள்ளைக்காம்பரா. தோட்டத்தில் வேலை செய்கிறவர்களின் கைக்குழந்தைகளைப் பகலில் விட்டுப்போகிற இடம் அது. இப்போது அதற்குப் புதுப் பெயர் எழுதிய பலகை மாட்டி, சுவரில் முயலும் யானையும் வரைந்திருக்கிறார்கள். ஆனாலும் எல்லோருக்கும் அது பிள்ளைக்காம்பராதான், அங்கே பிள்ளைகளைப் பார்க்கிறவர் ஆயம்மாதான். இரண்டுக்கும் நடுவில் முழுக்கத் தேயிலை. வண்டி போகிற பாதையில் போனால் தொழிற்சாலையைச் சுற்றிக்கொண்டு போக வேண்டும். குறுக்கே ஏறினால் மூச்சு வாங்கும், ஆனால் சீக்கிரம் போய்விடலாம்.

அந்த மலையில் தேயிலைச் செடி நிரைகள் குறுக்குவாட்டில் ஓடும். கொழுந்தெடுக்கிற பெண்கள் ஆளுக்கொரு நிரையில், ஒருத்திக்கு மேல் ஒருத்தியாக நிற்பார்கள். நிரைக்கு வந்துவிட்டால் அதை விட்டு நகரக் கூடாது. ஒரு நாள் வேலையை ஒரு பேர் என்பார்கள். நிரையை விட்டுப் போனவளுக்கு அரைப்பேர் போட்டுவிடுவார் கங்காணி. பால் குடிக்கிற பிள்ளை உள்ளவளுக்கு மட்டும், தன் பிள்ளைக்குப் பால் கொடுத்துவிட்டு வர அனுமதி உண்டு. மற்றவர்கள் நகர முடியாததால், பத்து மணித் தேத்தண்ணீர் வாளி வரும்போது யாரும் அதைத் தேடிப் போவதில்லை. வாளிதான் அவர்களிடம் வரும். கீழ் நிரைக்காரி குடித்துவிட்டு, செடிக்கு மேலாக வாளியைத் தூக்கிக் கொடுப்பாள். மேல் நிரைக்காரி குனிந்து வாங்குவாள். ஒரு சொட்டுச் சிந்தாமல் வாளி மலை உச்சி வரை வந்து சேரும். என் அம்மாவும் கொழுந்தெடுத்தவர்தான், ஆகவே சின்ன வயதிலிருந்தே இதைப் பார்த்திருக்கிறேன். தினமும் பார்க்கிற எதையும் போல, இதிலும் பார்ப்பதற்கு ஒன்றும் இல்லை என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

எனக்குப் பிள்ளை பிறந்தபோது நான் நிரந்தரமாகாத உதவி ஆசிரியை. பயிற்சியை முடித்து, கடைசியாக ஒரு செயன்முறைப் பரீட்சையும் தேற வேண்டும். இரண்டு அதிகாரிகள் வந்து வகுப்பின் பின்வரிசையில் உட்கார்ந்து நான் பாடம் நடத்துவதைப் பார்ப்பார்கள். தேறினால் நிரந்தர நியமனம். தேறாவிட்டால் அடுத்த முறை எப்போது என்று யாருக்கும் தெரியாது. தொழிலாளர் குடியிருப்பான எங்கள் லயத்தில் பிறந்து, அந்தப் பள்ளிக்கூடத்திலேயே படித்து, அங்கேயே ஆசிரியையாக வந்தவள் நான் ஒருத்திதான்.

ஒருத்தியாக இருக்க வேண்டியதில்லை. என்னோடு ஒரே வாங்கில் உட்கார்ந்து படித்தவள் ஒருத்தி இருந்தாள். உயர்தரப் பரீட்சையில் அவளும் தேறினாள், எனக்கு நேர்முகத் தேர்வு வந்த அதே வாரம் அவளுக்கும் வந்தது. இரண்டு பேரும் ஒன்றாக பஸ் ஏறிப் போனோம், இரண்டு பேருக்கும் வேலை கிடைத்தது. அப்போது அவளுக்குக் கையில் ஆறு மாதப் பிள்ளை, புருஷன் கொழும்பில் ஒரு கடையில். பயிற்சி வகுப்புகளோ சனி ஞாயிறில், ஹட்டனில். அந்த இரண்டு நாளும் பிள்ளைக்காம்பரா திறக்காது. இரண்டு வாரம் வந்தாள். மூன்றாம் வாரம் வரவில்லை. அதற்குப் பிறகு அவள் மலைக்குக் கொழுந்தெடுக்கப் போனாள். "அவள் நிறுத்திக்கொண்டாள்" என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். எவ்வளவு வசதியான சொல் அது. அதைச் சொல்லிவிட்டால் வேறு யாரும் எதற்கும் பதில் சொல்ல வேண்டியதில்லை.

என் மகன் பிறந்தபோது எனக்கும் அதுதான் நடக்கும் என்று நினைத்தேன். அவன் அதற்கேற்ற ஆள். போத்தல் பாலைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வான். கரண்டியில் கொடுத்தால் துப்புவான். தேயிலைத் தொழிற்சாலையில் வேலை செய்கிற என் கணவர், தொழிற்சாலைத் தூசி போகக் குளித்துவிட்டு வந்து, மடியில் வைத்துக்கொண்டு, கெஞ்சி, கொஞ்சி, பாட்டுப் பாடி எல்லாம் பார்த்தார். அவன் சட்டையே செய்யவில்லை. "பெரிய தொரைக்குத் தாய்ப்பால் தவிர எதுவும் எறங்காது போல" என்று அவர் அலுத்துக்கொண்டார். பிரசவ விடுமுறை முடிந்ததும் வேறு வழியில்லை. காலையில் பால் கொடுத்துப் பிள்ளைக்காம்பராவில் விடுவேன். பள்ளிக்கூடத்து இடைவேளை மணி அடித்ததும் குறுக்குப் பாதையில் இறங்கி ஓடுவேன். பால் கொடுத்துவிட்டு அதே ஓட்டத்தில் மேலே ஏறுவேன். மழை நாட்களில் சேலைக் கரையெல்லாம் சேறு, காலில் அட்டை. அதிபர் பார்த்தும் பார்க்காதவர் போல இருந்தார். அந்த இடைவேளையை நம்பித்தான் என் வேலை ஓடிக்கொண்டிருந்தது.

பரீட்சை நாளன்று காலையில் வர வேண்டிய அதிகாரிகள் வரவில்லை. பாதையில் மண் சரிந்து பஸ்கள் நின்றுவிட்டன என்று செய்தி வந்தது. காத்திருந்தேன். மணி அடிக்கச் சற்று முன்பு, கீழே ஓடிவிடலாம் என்று செருப்பைச் சரிசெய்துகொண்டிருந்தபோது வான் வந்து வாசலில் நின்றது. இரண்டு பேர் இறங்கினார்கள். ஒருவர் பருமனான ஆண் அதிகாரி. மற்றவர் யாழ்ப்பாணத்து அம்மையார், கஞ்சி போட்ட பருத்திச் சேலை, சிரிக்காத முகம். "பிந்திப் போச்சுது. உடன தொடங்குவம்" என்றார். இடைவேளையைத் தள்ளிவைத்துவிட்டார் அதிபர். பிள்ளைக்குப் பால் கொடுத்துவிட்டு வருகிறேன் என்று ஒரு வாக்கியம் சொல்லியிருக்கலாம். அதைச் சொன்னால் அவர்கள் மனதில், இவளுக்குப் பிள்ளைதான் முதல், வேலை பிறகு என்று விழுந்துவிடும் என்று பயந்தேன். இன்று நினைத்தால், பயந்ததில் தவறே இல்லை என்றுதான் தோன்றுகிறது. அப்படி விழுந்த கதைகளை நிறையக் கேட்டிருக்கிறேன்.

ஐந்தாம் வகுப்பு, கணிதம், பின்னம். பாடத்துக்காக வீட்டிலிருந்து ரொட்டி சுட்டுக் கொண்டுவந்திருந்தேன். ஒரு ரொட்டியை இரண்டாகப் பிட்டு, இது என்ன என்று கேட்டேன். "அரை" என்றார்கள். அரைக்கு வேறு உதாரணம் கேட்டேன். ஒருத்தி எழுந்து, "அரப்பேரு, டீச்சர்" என்றாள். ஆண் அதிகாரி புரியாமல் நிமிர்ந்து பார்த்தார். விளங்கப்படுத்திவிட்டு மேலே போனேன். கால் ரொட்டியைக் கையில் வைத்திருந்தவன், நான் திரும்புவதற்குள் அதைத் தின்றுவிட்டான். மிச்சம் எவ்வளவு என்று அவனிடமே கேட்டேன். வகுப்பு சிரித்தது. பாடம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. ஆனால் எனக்கு மார்பு கட்டி வலிக்கத் தொடங்கியிருந்தது. கொஞ்ச நேரத்தில் ரவிக்கை நனைவதை உணர்ந்தேன். கால், அரை, முக்கால் வரைந்திருந்த பிரிஸ்டல் போர்ட் தாளை நெஞ்சோடு அணைத்துப் பிடித்துக்கொண்டு பேசினேன். கீழே அவன் அழுதுகொண்டிருப்பான் என்று என் உடம்புக்குத் தெரிந்திருந்தது.

கீழே நடந்ததை ஆயம்மா பிறகு சொன்னார். அவன் அழ ஆரம்பித்து, விடாமல் அழுது, நீலம் பாரித்துப் போயிருக்கிறான். நான் வரும் நேரம் தாண்டிவிட்டது. மற்றப் பிள்ளைகளை விட்டுவிட்டு ஆயம்மா நகர முடியாது. மஞ்சள் சால்வையில் சுற்றி அவனைத் தூக்கிக்கொண்டு முற்றத்துக்கு வந்திருக்கிறார். அடி நிரையில் நின்ற பெண் கேட்டிருக்கிறாள்.

"ஏன் ஆயம்மா, டீச்சர் வரலியா?"

"மேல பரீட்சக்காரங்க வந்திருக்காங்களாம். வான் போனத நீ பாக்கல? எங்கிட்டு வரப் போறாங்க."

அவள் ஒரு கணம் யோசித்துவிட்டு, "இங்க குடுங்க" என்று கையை நீட்டியிருக்கிறாள்.

மூடுபனி அன்று வந்து வந்து போய்க்கொண்டிருந்தது. நான் கரும்பலகையின் பக்கம் திரும்பி எழுதிக்கொண்டிருந்தபோது, ஜன்னலோரத்துப் பிள்ளை மெதுவாகச் சொன்னாள்.

"டீச்சர், ஒங்க பாப்பா எங்கம்மா கையில இருக்கு."

நான் திரும்பவில்லை. காதில் விழாதது போல எழுதினேன். இன்னொருத்தியின் குரல் வந்தது.

"இப்ப எங்க சின்னம்மா வாங்கிட்டாங்க."

அப்போது திரும்பிப் பார்த்தேன். பனி விலகியிருந்தது. மலைச்சரிவில், பச்சைக்கு நடுவே, அந்த மஞ்சள் சால்வை செடிகளுக்கு மேலாக ஏறி வந்துகொண்டிருந்தது. ஒருத்தி தூக்கிக் கொடுத்தாள், மேலே நின்றவள் குனிந்து வாங்கினாள். வாங்குவதற்கு முன் ஒவ்வொருத்தியும் ஒன்றைச் செய்தாள். இடுப்பில் கட்டியிருந்த சாக்குப் படங்கில் இரண்டு கையையும் அழுந்தத் துடைத்துக்கொண்டாள். வாங்கியதும் சால்வையை விரித்து அட்டை ஏறியிருக்கிறதா என்று பார்த்தாள். தலையில் கன்னத்தை ஒருமுறை வைத்தாள். பிறகு மேலே திரும்பினாள். ஒருத்தியும் தன் நிரையை விட்டு ஓர் அடி நகரவில்லை. தேத்தண்ணீர் வாளி வருகிற அதே வழியில் என் பிள்ளை வந்துகொண்டிருந்தான்.

எனக்கு வந்ததை அழுகை என்று சொல்ல முடியாது. கோயிலில் தேர் நகரத் தொடங்கும்போது உடம்பில் ஒன்று ஓடுமே, அதுதான். இத்தனை காலம் பார்த்துக்கொண்டிருந்த மலையை அன்றுதான் முதல்முறை பார்த்தேன். கங்காணி நடுப்பாதையில் நின்றார். அடுத்த மலையில் ஒருத்தி முற்றல் இலையைக் கிள்ளினால்கூட இங்கிருந்தே சத்தம் போடுகிற மனிதர் அவர். அன்றைக்கு முதுகைக் காட்டி நின்று, ஒரு சவுக்கு மரத்தையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த மரத்தில் பார்க்க ஒன்றும் இல்லை. பனி மறுபடியும் மூடியது. மஞ்சள் தெரியவில்லை. பனி விலகியதும் பிள்ளைகள் தாழ்ந்த குரலில் சொல்லிக்கொண்டே வந்தார்கள், எங்க அத்தை, எங்க அக்கா, எங்கம்மா என்று.

"முக்கால் என்றால் எத்தனை கால்?" என்று கேட்டேன். என் குரல் எனக்கே வேறு யாருடையதோ போல இருந்தது. "மூணு" என்று எல்லோரும் ஜன்னலைப் பார்த்தபடியே சொன்னார்கள்.

கடைசி நிரை பள்ளிக்கூடத்து முள்வேலியை ஒட்டி ஓடுகிறது. அந்த நிரையில் நின்றவள் என் தோழி. சால்வை அவள் கைக்கு வந்து சேர்ந்தது. அதற்கு மேலே வாங்க யாரும் இல்லை. வேலிக்கு இந்தப் பக்கம் வெறும் விளையாட்டு மைதானம், அதற்கப்பால் நான். அவன் அழுகிற சத்தம் வகுப்புக்குள் கேட்டது. அவள் அவனைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டு அப்படியே நின்றாள். என் வகுப்பைப் பார்த்தபடி நின்றாள்.

ஆண் அதிகாரி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். இன்னும் பாடம் முடியவில்லை. பாதியில் நிறுத்தினால் புள்ளி இல்லை என்பது எனக்குத் தெரியும். சுண்ணக்கட்டியை வைத்துவிடலாம் என்று நான் கையைத் தாழ்த்திய நேரத்தில் பின்வரிசையில் நாற்காலி நகர்ந்தது. யாழ்ப்பாணத்து அம்மையார் எழுந்தார்.

"பாடத்தை விடாதையும். நான் பிள்ளையைப் பாக்கிறன்" என்றார்.

ஈர மைதானத்தில் கஞ்சிச் சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அவர் நடப்பதை ஜன்னல் வழியாகப் பார்த்தேன். வேலியருகில் போய்க் கையை நீட்டினார். என் தோழி கொடுக்கவில்லை. ஏதோ கேட்டாள். அம்மையார் ஏதோ சொன்னார். பிறகு, சொன்னால் நம்ப மாட்டீர்கள், அந்த அம்மையார் தன் இரண்டு கையையும் சேலையில் துடைத்துக் காட்டினார். அப்புறம்தான் பிள்ளை வேலியைத் தாண்டியது.

வராந்தாவில் அவனைத் தோளில் போட்டுக்கொண்டு அவர் மேலும் கீழும் நடந்தார். பசியில் அழுதவன் எப்படியோ விம்மலோடு அடங்கினான். நான் பாடத்தைச் சொல்ல வேண்டியபடி சொல்லி, கேட்க வேண்டிய கேள்விகளைக் கேட்டு முடித்தேன். எப்படி முடித்தேன் என்று கேட்காதீர்கள். மணி அடித்ததும் அம்மையார் அவனை என்னிடம் தந்தார். அவர் தோளில் எச்சில் ஈரம். "வடிவாப் படிப்பிச்சனீர். பிள்ளைக்குப் பசி, போம்" என்றார். அவ்வளவுதான். பாடத்தைப் பற்றி மட்டுமே அறிக்கை எழுதினார்கள். தேறிவிட்டேன்.

அதிபரின் அறையில் கதவைச் சாத்திக்கொண்டு பால் கொடுக்கும்போதுதான் சால்வையைப் பார்த்தேன். எவ்வளவு துடைத்தாலும் கொழுந்தெடுக்கிற கையில் கறை போகாது. மஞ்சள் முழுக்க விரல் விரலாகக் கறுப்புத் தடங்கள். எந்தத் தடம் யாருடையது என்று சொல்ல முடியாதபடி ஒன்றின் மேல் ஒன்றாக இருந்தன. அப்போதுதான் அழுதேன்.

சாயங்காலம் கொழுந்து நிறுக்கிற மடுவத்துக்குப் போனேன். நிறுவை முடிந்து பெண்கள் பைகளை உதறிக்கொண்டிருந்தார்கள். நன்றி சொல்ல வாயெடுத்தேன், விடவில்லை. "மகன் வாளிய விடப் பாரம் டீச்சர், நாளையிலருந்து கொஞ்சமா பால் குடுங்க" என்றாள் ஒருத்தி. "தேத்தண்ணியாவது சும்மா வரும், இவரு அழுதுக்கிட்டே வாராரு" என்றாள் இன்னொருத்தி. எல்லோரும் சிரித்தார்கள். அவர்களுக்கு அது அன்றைய வேலைகளில் ஒன்று. வேலையே செய்யாமல் வாயைப் பிளந்துகொண்டு நின்றவள் நான் மட்டும்தான்.

என் தோழி சிரிக்கவில்லை. லயத்துக்குத் திரும்புகிற பாதையில் என்னோடு நடந்தாள். பிறகு கேட்டாள்.

"முக்கால் சொல்லிக் குடுத்தப்ப ஏன்டி ஒனக்குக் கொரலு அப்பிடி நடுங்குச்சு?"

"அவன் ஒன் கைக்கு வந்துக்கிட்டிருந்தான்" என்றேன்.

"எனக்கு நல்லாக் கேட்டுச்சு. வேலியிலருந்து எல்லாம் கேக்குது." கொஞ்ச தூரம் நடந்தாள். "என் வாட்டியும் இவங்க எல்லாரும் இருந்தாங்க. கேட்டிருந்தா கை நீட்டியிருப்பாங்க. கடைசியில ஹட்டன்ல வாங்க ஒரு கை கொறஞ்சிருச்சு, அவ்வளவுதான்."

அதில் குற்றச்சாட்டு இல்லை. அன்றைக்குக் காலையில் வேலியருகே அவள் எதைப் பார்த்துக்கொண்டு நின்றாள் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

என் மகன் இப்போது அந்தப் பள்ளிக்கூடத்துக்கே வருகிறான். சால்வையை எத்தனையோ தடவை துவைத்தாயிற்று, தடங்கள் போகவில்லை. சென்ற வருடம் உதவி ஆசிரியர் வேலைக்கு மறுபடி விண்ணப்பம் கேட்டிருந்தார்கள். என் தோழிக்கு வயது எல்லை இன்னும் கடக்கவில்லை. அவளுக்கு இரண்டாவது பிள்ளை பிறந்து சில மாதங்கள்தான். பரீட்சை ஹட்டனில், சனிக்கிழமை. பிள்ளைக்காம்பரா திறக்காத நாள்.

விடியற்காலை பஸ்ஸில் போனோம். பிள்ளையை அவள் மஞ்சள் சால்வையில் சுற்றியிருந்தாள், நான்தான் கொடுத்தனுப்பியிருந்தேன். பரீட்சை மண்டப வாசலில் கதவைத் திறந்ததும் அவள் என் முகத்தைப் பார்த்தாள். "அழுதான்னா?" என்றாள்.

"அழட்டும். நான் இங்கதான் நிப்பேன். நீ எழுது."

அவள் பிள்ளையை நீட்டினாள். என் கையில் ஒரு கறையும் இல்லை. இருந்தாலும் இரண்டு கையையும் சேலையில் அழுந்தத் துடைத்துவிட்டுத்தான் வாங்கினேன்.